பொருந்தாத மேற்கூடு

நுழையும்முன்

பெட்டியில் வரும் நெகிழித் துண்டுகளை ஒட்டிச் சிறிய கார் ஒன்றை உருவாக்குவது சிறுவர் சிறுமியர் பலர் விரும்பும் கைவினை ஆகும். பெட்டியின் மேலுள்ள படத்தில் எல்லாத் துண்டுகளும் அழகாகப் பொருந்தியிருக்கும். கையில் எடுத்தால் அவ்வாறு பொருந்துவதில்லை. பொருந்தாத துண்டுகளைப் பொருந்தச் செய்யும் முறையையும், அவ்வேலையின்போது ஒரு மாணவன் அறிந்துகொண்டதையும் இப்பாடத்தில் படிப்போம்.

இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதைத் தமிழ் இலக்கணம் நுட்பமாக ஆராய்கிறது. தாய் என்னும் சொல்லும் மொழி என்னும் சொல்லும் எந்த மாற்றமும் இன்றித் தாய்மொழி எனச் சேர்கின்றன. இஃது இயல்பு புணர்ச்சி. எல்லாச் சொற்களும் இவ்வாறு எளிதில் சேர்வதில்லை. சில இடங்களில் ஓர் எழுத்துப் புதிதாகத் தோன்றும். சில இடங்களில் ஓர் எழுத்து வேறோர் எழுத்தாகத் திரியும். சில இடங்களில் இருந்த எழுத்து மறைந்து கெடும். தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றும் விகாரப் புணர்ச்சி எனப்படும். சொற்களுக்கு மட்டுமன்று, மரத்தையும் இரும்பையும் நெகிழியையும் இணைக்கும் கைகளுக்கும் இம்மூன்று வழிகளே துணை. எந்த இடத்தில் எந்த வழி தேவை என்று அறிவதில்தான் திறமை இருக்கிறது.

இருவர் செய்த கார்

சென்னைப் பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. பஞ்சாப் மாநிலத்தின் கபூர்தலாவில் 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மற்றொரு ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. முதல் ஊரிலிருந்து இரண்டாம் ஊருக்குப் பணிமாறுதல் பெற்றுச் சென்ற குடும்பம் ஒன்று உண்டு. தந்தை ஃபிட்டர். இரும்புத் தகடுகளையும் சட்டங்களையும் அளந்து, தேய்த்து, நேராக்கிப் பொருத்துவது அவருடைய தொழில். மகன் எட்டாம் வகுப்பு மாணவன்.

பெரம்பூரில் இருந்தபோது அம்மாணவனும் அவனுடைய நண்பனும் பல மாதங்கள் காசு சேர்த்து ஒரு கார் மாதிரிப் பெட்டியை வாங்கினர். உண்மையான காரின் 24இல் ஒரு பங்கு அளவுடையது அது. நீளம் 18 சென்டிமீட்டர். அடிச்சட்டத்தையும் இருக்கைகளையும் நண்பன் ஒட்டுவது, மேற்கூட்டை இவன் செய்வது என்று வேலையைப் பகிர்ந்துகொண்டனர். நண்பன் தன் பங்கை முடித்தான். இவன் தன் பங்கைத் தொடங்குமுன் மாறுதல் ஆணை வந்துவிட்டது. ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில், தான் ஒட்டிய அடிச்சட்டத்தை நண்பன் இவன் கையில் கொடுத்தான். அம்மா அதைத் துணிகளுக்கு இடையே பத்திரமாக வைத்தார். மேற்கூடும் மற்றத் துண்டுகளும் பழைய அட்டைப்பெட்டியிலேயே லாரியில் ஏறின.

மே மாதத்துப் பயணம் அது. புதிய ஊர், புதிய வீடு, புதிய பள்ளி என மாதங்கள் ஓடின. டிசம்பர் மாதக் குளிர்கால விடுமுறையில்தான் அவன் அப்பெட்டியைத் திறந்தான். வெளியே பனிமூட்டம் தெருவை மறைத்திருந்தது. மேற்கூட்டை எடுத்து நண்பன் தந்த அடிச்சட்டத்தின்மேல் வைத்தான். அது உட்காரவில்லை. ஒரு கால் குட்டையான நாற்காலியைப்போல் ஆடியது. மூன்று மூலைகள் படிந்தால் முன்புற இடது மூலை எழும்பி நின்றது. அதை விரலால் அழுத்தினால் எதிர்மூலை எழுந்தது.

அவன் தந்தையின் கைப்பேசியை எடுத்து நண்பனுக்கு ஒரு செய்தியை எழுதினான். "நீ ஒட்டிய அடிச்சட்டம் கோணலாக இருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது." அனுப்புவதற்குமுன் தந்தை அருகில் வந்தார். செய்தியைப் படித்தார். கோபிக்கவில்லை.

"அளந்து பார்த்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்தாலே தெரிகிறதே, அப்பா."

"இடைவெளி தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. முதலில் அளப்போம். செய்தியைப் பிறகு அனுப்பலாம்."

தாளால் அளந்த குற்றம்

தொழிற்கூடத்தில் ஒரு பொருள் நேராக இருக்கிறதா என்று அறிய, மிகச் சமமாகத் தேய்க்கப்பட்ட இரும்புத் தட்டின்மேல் அதை வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் அத்தகைய தட்டு இல்லை. தந்தை ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்கி மேசையின்மேல் படுக்க வைத்தார். கண்ணாடியின் பரப்பு வீட்டு வேலைக்குப் போதுமான அளவு சமமானது. இடைவெளியை அளக்கும் கருவியும் வீட்டில் இல்லை. அதற்கு ஈடாக அச்சுத்தாளை மெல்லிய கீற்றுகளாக வெட்டினார். சாதாரண அச்சுத்தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். பத்துக் கீற்றுகளை அடுக்கினால் 1 மில்லிமீட்டர்.

முதலில் மேற்கூட்டை அடிச்சட்டத்தின்மேல் வைத்து, எழும்பிய மூலையில் கீற்றுகளைச் செருகினர். 18 கீற்றுகள் நுழைந்தன. 1.8 மில்லிமீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றும். 24ஆல் பெருக்கினால் உண்மையான காரில் அது 4 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி. கதவுக்கும் உடலுக்கும் இடையே இத்தனை இடைவெளி உள்ள காரில் மழைநீர் உள்ளே புகும்.

அடுத்து அடிச்சட்டத்தைத் தனியாகக் கண்ணாடியின்மேல் வைத்தனர். அஃது ஆடவில்லை. எந்த மூலையிலும் ஒரு கீற்றுக்கூட நுழையவில்லை. பிறகு மேற்கூட்டைத் தனியாக வைத்தனர். கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு ஓரப்பட்டைகளும் கண்ணாடியில் முழுமையாகப் படிய வேண்டும். படியவில்லை. முன்புற இடது மூலையில் 15 கீற்றுகள் நுழைந்தன. குற்றத்தின் பெரும்பகுதி மேற்கூட்டில் இருந்தது. நண்பனுடைய கையில் அன்று.

மாணவன் எதுவும் பேசவில்லை. கைப்பேசியை எடுத்துத் தான் எழுதிய செய்தியை அழித்தான்.

மேற்கூடு ஏன் முறுகியது? இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியால் செய்யப்படுகின்றன. உருகிய நெகிழியை மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துவர். அது குளிரும்போது சற்றுச் சுருங்கும். தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் வெவ்வேறு வேகத்தில் குளிர்வதால் சில துண்டுகள் அச்சிலிருந்து வரும்போதே வளைந்திருக்கும். வேறு சில பின்னர் வளையும். பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் இளகும். அதைவிடக் குறைந்த வெப்பத்திலும், நெடுங்காலம் பாரம் அழுத்தினால் மெல்லிய சுவர்கள் மெல்ல மெல்ல வடிவம் மாறும். கோடைக்கால லாரியில் அந்த அட்டைப்பெட்டியின்மேல் டிரங்குப் பெட்டி ஒன்று ஏறியிருந்தது. வந்த பின்னும் பல மாதங்கள் அது அவ்வாறே கிடந்தது.

இது புதிய சிக்கலும் அன்று. அமெரிக்காவில் 1940களின் இறுதியிலும் 1950களிலும் கார் விற்பனையகங்களுக்காகச் செய்யப்பட்ட மாதிரிக் கார்கள் பல அசிடேட் என்னும் நெகிழியால் ஆனவை. அவை ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமாகவே வளைந்தன. பாலிஸ்டைரீன் பரவியபின் அக்குறை பெரிதும் குறைந்தது. எனினும் முற்றிலும் நீங்கவில்லை.

திரிதல்

வளைந்ததை எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் நேராக்க வேண்டும். குளிர்ந்த நெகிழியை வளைத்தால் முறியும். அழுத்திப் பிடித்துப் பசையால் ஒட்டிவிட்டால் என்ன? ஒட்டும், ஆனால் நிலைக்காது. வளைந்த துண்டு தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அந்த விசை முழுவதையும் ஒட்டிய இடம் தாங்க வேண்டும். ஒருநாள் அது விட்டுப்போகும்.

தந்தை அடுப்பில் நீரைச் சுடவைத்தார். கொதிக்கும் நீரை அவர் பயன்படுத்தவில்லை. கொதிநீரில் மெல்லிய தூண்கள் சட்டென்று நெளிந்துவிடும், கையும் வெந்துவிடும். கொதிநிலைக்கு வெகுமுன்னரே இறக்கிய சூடான நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றினார். மற்றொரு பாத்திரத்தில் குழாய்நீர். கபூர்தலாவின் டிசம்பர் மாதக் குழாய்நீருக்குப் பனிக்கட்டி தேவையில்லை.

மேற்கூட்டை இடுக்கியால் பிடித்து ஒரு நிமிடம் சூடான நீரில் வைத்தார். ஆறப் பொறுத்துக் கையில் தாங்கக்கூடிய சூட்டில் எடுத்து மகனிடம் கொடுத்தார். கூரையைப் பிடிக்கக் கூடாது என்றார். கூரையைத் தாங்கும் முன்கண்ணாடித் தூண்கள்தாம் மேற்கூட்டின் மிக மெலிந்த உறுப்புகள். ஓரப்பட்டைகளை மட்டும் இரு கைகளாலும் பிடித்து, முறுக்கின் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினான். நேரான நிலையைச் சற்றே கடந்து திருப்பி, அப்படியே குளிர்நீரில் அமிழ்த்தினான். கையை விட்டதும் நெகிழி சிறிது பின்வாங்கும் என்பதால் இவ்வாறு சற்று மிகுதியாகத் திருப்ப வேண்டும்.

கண்ணாடியின்மேல் வைத்து அளந்தான். 9 கீற்றுகள். மீண்டும் செய்தான். 4 கீற்றுகள். அதற்குமேல் அவசரப்படாமல் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் செய்தான். மேற்கூடு கண்ணாடியில் படிந்தது. கீற்று நுழையவில்லை. ஓரப்பட்டைகள் மீண்டும் உள்நோக்கி வளையாதிருக்க, துண்டுகளை வெட்டியெடுத்தபின் எஞ்சும் சட்டகத்திலிருந்து சரியான அகலத்திற்கு ஒரு குச்சியை வெட்டி இரு பட்டைகளுக்கும் இடையே முட்டுக் கொடுத்தான்.

கல் என்பது சிலையோடு சேரும்போது கற்சிலை ஆகிறது. எழுத்துக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை, இருந்ததே வடிவம் மாறியது. மேற்கூட்டுக்கும் அதுவே நிகழ்ந்தது.

கெடுதல்

பின்புறப் பம்பர் தொட்டவுடன் தன் இடத்தில் அமர்ந்தது. இயல்பு புணர்ச்சி. முன்புறத்தில் எஞ்சியவை பானெட்டும் பம்பருக்குக் கீழ் வரும் அடித்தகடும்.

பானெட் தன் இடத்திற்குள் நுழையவே இல்லை. அதன் விளிம்பில் இரண்டு குறைகள் இருந்தன. சட்டகத்திலிருந்து வெட்டிய இடத்தில் ஒரு சிறு முனை துருத்தியிருந்தது. மற்றொரு பக்கத்தில் தாள்போல் மெல்லிய பிசிறு நீண்டிருந்தது. அச்சின் இரு பாதிகளும் இறுக மூடாத இடத்தில் நெகிழி கசிந்தால் அப்பிசிறு உண்டாகும். முனையை அரத்தாலும் பிசிறைக் கத்தியின் முதுகாலும் நீக்கினர். அப்போதும் ஓரிடம் இடித்தது. எந்த இடம் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை.

"தொழிற்கூடத்தில் இதற்கு நீலச்சாயம் பூசுவோம். இங்கே பென்சில் போதும்" என்றார் தந்தை.

பானெட்டின் விளிம்பு முழுவதும் பென்சிலால் தடித்துத் தீட்டினான். அதைத் தன் இடத்தில் மெதுவாக அழுத்தி எடுத்தான். வெள்ளை மேற்கூட்டின் ஓரிடத்தில் மட்டும் கறுப்புத் தடம் பதிந்திருந்தது. இடிக்கும் இடம் அதுதான். உப்புத்தாளால் அந்த இடத்தை நான்கு முறை தேய்த்தான், பொருத்திப் பார்த்தான். மீண்டும் நான்கு முறை தேய்த்தான், பொருத்திப் பார்த்தான். தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர இயலாது என்பதால் தேய்ப்பதைவிடப் பார்ப்பதே மிகுதியாக இருந்தது.

பானெட் உள்ளே இறங்கியதும் நிறுத்திவிடவில்லை. சுற்றிலும் ஒரு தாள் நுழையும் அளவு இடம்விட்டான். பின்னர் வண்ணம் பூசும்போது விளிம்புகள் சற்றுத் தடிக்கும். அதற்கும் இடம் வேண்டும். மரம் என்பது வேரோடு சேரும்போது இறுதி மகரத்தை இழந்து மரவேர் ஆகிறது. இழக்க வேண்டியதை மட்டும் இழக்கிறது.

தோன்றல்

முன்புற அடித்தகட்டுக்கு எதிர்மாறான குறை. அது தன் இடத்தைவிடச் சிறியது. வலப்பக்கம் ஒட்டினால் இடப்பக்கம் 5 தாள் அளவு இடைவெளி தெரிந்தது. இங்கே வளைப்பதாலும் பயனில்லை, தேய்ப்பதாலும் பயனில்லை. இல்லாததைச் சேர்க்க வேண்டும்.

சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் விரிசலில் பட்டி பார்ப்பார்கள். அதுபோன்ற ஒரு பட்டியை அதே நெகிழியிலிருந்தே செய்யலாம். மாதிரிகளை ஒட்டும் நீர்மப்பசை சாதாரணப் பசையன்று. அது நெகிழியின் பரப்பைக் கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் கலந்து உலர்ந்தபின் ஒரே துண்டாகின்றன. வண்ணம் பூசிய பரப்பில் அப்பசை சரியாகப் பிடிக்காததும் இதனால்தான். எனவே பொருத்தும் வேலை முழுவதும் முடிந்த பின்னரே வண்ணம் பூச வேண்டும். அந்தப் பசைப் புட்டியில் எஞ்சிய சிறிதளவில் சட்டகத் துணுக்குகளைப் போட்டு ஒரு நாள் மூடிவைத்தனர். துணுக்குகள் கரைந்து கூழாயின. சன்னலைத் திறந்துவைத்து, தந்தை அருகிலிருக்க, மாணவன் அக்கூழைக் குச்சியால் இடைவெளியில் தடவினான்.

உலர உலர அது சுருங்கி உள்வாங்கியது. மறுநாள் இரண்டாம் முறை தடவினான். அதன் மறுநாள் மூன்றாம் முறை. நன்கு இறுகியபின் 400 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தான். பிறகு 600, பிறகு 1000. எண் கூடக் கூடத் தாளின் மணல் நுண்மையாகும். விரல்நுனியால் தடவியபோது சேர்ந்த இடம் தென்படவில்லை. தமிழ் என்பதும் தாய் என்பதும் சேரும்போது இடையே ஒரு தகர ஒற்றுத் தோன்றித் தமிழ்த்தாய் ஆகிறது. தோன்றிய ஒற்று அயலானதன்று, வருமொழியின் முதலெழுத்துக்கு இனமானது. பட்டியும் அதே நெகிழியால் ஆனது.

மூன்று கீற்றுகள்

நேரான மேற்கூட்டை மீண்டும் நண்பனுடைய அடிச்சட்டத்தின்மேல் வைத்தான். இப்போது ஆட்டம் இல்லை. எனினும் அதே முன்புற இடது மூலையில் 3 கீற்றுகள் நுழைந்தன. 18இல் மேற்கூட்டின் 15 போக எஞ்சியவை அவை. உற்றுப் பார்த்தான். மேற்கூட்டின் துளைக்குள் செல்ல வேண்டிய நான்கு முளைகளுள் ஒன்று சற்றுச் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தது. அடிச்சட்டத்தின் அடிப்பகுதியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்ததால் மேலே நிற்கும் முளையின் சாய்வு அப்போது தெரியவில்லை.

"இதை வெட்டிவிட்டுப் புதிதாக வைக்கலாமா, அப்பா?"

"வைக்கலாம். ஆனால் அவன் நன்றாக ஒட்டியிருக்கிறான். வெட்டினால் அடித்தளமும் பெயரும். உன் பக்கத்தில் ஏதேனும் செய்ய முடியுமா என்று பார்."

மாணவன் வட்ட அரத்தை எடுத்து மேற்கூட்டின் துளையைச் சாய்வின் பக்கம் சிறிது அகலப்படுத்தினான். முளையின் நுனியை உப்புத்தாளால் இரண்டே முறை தேய்த்தான். மேற்கூடு இறங்கி அமர்ந்தது. கல் என்பதும் தூண் என்பதும் சேர்ந்தால் கற்றூண் ஆகும். நிலைமொழியின் இறுதி எழுத்தும் திரிகிறது, வருமொழியின் முதல் எழுத்தும் திரிகிறது. ஒன்று மட்டும் மாறினால் சில இணைப்புகள் நிறைவடைவதில்லை.

அன்று மாலை அவன் நண்பனுக்கு ஒரு படத்தையும் ஒரு கணக்கையும் அனுப்பினான். "மேற்கூட்டில் 15 தாள் கோணல், லாரியில் வந்தது. முளையில் 3 தாள். இரண்டும் சரியாகிவிட்டன." சிறிது நேரத்தில் நண்பனிடமிருந்து பதில் வந்தது. அந்த முளையை, இவன் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவில்தான் அவன் ஒட்டினானாம். உலர்வதற்குள் எடுத்துக் கட்டவேண்டியதாயிற்றாம். சாய்ந்தது தெரிந்தும் சொல்லத் தயங்கினானாம்.

அந்த மூலையில் இப்போதும் ஒரு தாள் நுழையும். அங்கே பட்டி பார்க்கலாமே என்று தந்தை கேட்டபோது மாணவன் வேண்டாம் என்றான். மேற்கூட்டை அடிச்சட்டத்தோடு பசையால் ஒட்டவும் இல்லை. நண்பன் செய்த இருக்கைகளும் திருப்புச்சக்கரமும் உள்ளே இருந்தன. மேற்கூட்டைக் கழற்றினால்தான் அவற்றை முழுமையாகப் பார்க்க முடியும். கோடை விடுமுறையில் பெரம்பூருக்குச் செல்லும்போது இருவரும் சேர்ந்து வண்ணம் பூசுவது என்று முடிவாயிற்று. இம்முறை கார் அட்டைப்பெட்டியில் போகாது, கைப்பையில் போகும்.

சொல்லும் பொருளும்

நெகிழி – பிளாஸ்டிக்
மேற்கூடு – காரின் வெளி உடல்
பிசிறு – விளிம்பில் நீண்டிருக்கும் தேவையற்ற மெல்லிய பகுதி
உப்புத்தாள் – மரம், உலோகம் முதலியவற்றைத் தேய்க்க உதவும் சொரசொரப்பான தாள்
பட்டி – விரிசலையும் இடைவெளியையும் நிரப்பும் கூழ்
முளை – துளைக்குள் பொருந்துமாறு நிற்கும் சிறு தண்டு

சிந்திப்போம், எழுதுவோம்

1. மேற்கூட்டை அளப்பதற்குக் கண்ணாடியும் தாள்கீற்றுகளும் எவ்வாறு பயன்பட்டன?
2. வளைந்த துண்டை அழுத்திப் பிடித்து ஒட்டினால் ஏன் நிலைக்காது?
3. பின்வருவனவற்றைச் சேர்த்து எழுதி, தோன்றல், திரிதல், கெடுதல் என வகைப்படுத்துக: வில் + கொடி, மனம் + மகிழ்ச்சி, தமிழ் + பாடம்.
4. முதலில் எழுதிய செய்தியை மாணவன் அனுப்பியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் வீட்டில் சரியாகப் பொருந்தாத ஒரு பொருளைக் கண்டறிக. குறை எங்கே இருக்கிறது என்பதைப் பெரியவர் துணையுடன் அளந்து, அதனை வகுப்பில் கூறுக.